சுவர் அதிர்ந்தால் ஒலி சிறந்ததா?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையின் முன் நின்றிருந்தோம். உடன் வந்தவர் நம் துறையின் இறுதியாண்டு மாணவர். வார இறுதிகளில் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த ஆறாயிரம் ரூபாய் அவர் சட்டைப் பையில் இருந்தது. கணினி விளையாட்டுகளுக்கென ஒலிபெருக்கி வாங்க வேண்டும் என்பது அவரது ஓராண்டு ஆசை. நாமும் அவ்விளையாட்டுகளை ஆடுபவர் என்ற செய்தி வகுப்பில் எப்படியோ பரவிவிட்டதால், "நீங்களும் வாங்க ஐயா" என்று அழைத்திருந்தார்.

கடைக்காரர் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. அறையின் அளவு என்ன, எந்த விளையாட்டு, மேசை எவ்வளவு அகலம் என்ற எந்தக் கேள்வியும் எழவில்லை. ஒரு பெரிய பெட்டியையும் இரண்டு சிறு பெட்டிகளையும் இணைத்தார். ஒரு திரைப்பாடலை ஓடவிட்டார். 'பேஸ்' குமிழை வலப்புற எல்லைவரை திருகினார். கண்ணாடி மேசை அதிர்ந்தது. மேலிருந்த ரசீதுப் புத்தகம் அரை விரற்கடை நகர்ந்தது. "பாத்தீங்களா சார்!" என்றார்.

'கேட்டீங்களா' என்று அவர் சொல்லவில்லை என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

நம் கைப்பேசியில், முதலாண்டு மாணவர்க்காக நாமே பேசிப் பதிந்த ஒரு சிறு ஒலிப்பதிவு உண்டு. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காதுக்குப் பழக்குவதற்காக 'வலி, வளி, வழி' என்று இடைவெளி விட்டுச் சொல்லியிருப்போம். அதை இந்தப் பெட்டியில் ஒலிக்கச் செய்யுமாறு கேட்டோம். மூன்று சொற்களும் ஒரே சொல்லாக வந்தன. முதலெழுத்து முழங்கியது, இரண்டாம் எழுத்து எதுவென்று பதிவு செய்த நமக்கே விளங்கவில்லை. பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த, சப்வூஃபர் இல்லாத ஓர் எளிய இணையில் மீண்டும் போடச் சொன்னோம். வலி வலியாக வந்தது. வளி வளியாக வந்தது. வழியும் வழியாகவே வந்தது.

கடைக்காரர் சிரித்தார். "சார், இது பாடம் நடத்துறதுக்கு இல்ல. கேம் ஆடுறதுக்கு."

அந்த ஒரு வாக்கியத்திற்கு மறுமொழியே இக்கட்டுரை.

*

முதலில் நம் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு சொல். தமிழ் படித்தவன் கணினி விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களிடம் நாம் வாதிடப் போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறோம்: எழுத்துகள் உடலின் எவ்விடத்தில், எம்முயற்சியால் பிறக்கின்றன என்பதற்கென்றே தொல்காப்பியர் பிறப்பியல் என்றோர் இயலை ஒதுக்கினார். ஒலியைக் கூர்ந்து கேட்பது நம் துறையின் முதற்பாடம். அந்தப் பாடத்தை வகுப்பறைக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, மாணவர் நாள்தோறும் மணிக்கணக்கில் எதைக் கேட்கிறார் என்பதைப் பொருட்படுத்தாமல் இருப்பது எவ்வகைப் புலமை?

நம் வழக்கு இதுதான்: நம் ஊரில் விளையாட்டுக்கென விற்கப்படும் ஒலிபெருக்கிகளும் அவை நிறுவப்படும் முறையும் கேட்கும் திறனுக்கே எதிராக அமைந்துள்ளன. இதில் விற்பவர் பாதிக் குற்றவாளி. வாங்கியபின் குமிழை வலப்புறம் திருகிவிட்டு மகிழும் நாம் மறுபாதி.

*

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம். ஆயிரக்கணக்கான வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அருகே சிறிய எழுத்தில் 'பி.எம்.பி.ஓ.' என்றிருக்கும். கண்ணிமைக்கும் நேரத்திற்கு, எவ்வளவு சிதைவோடு வேண்டுமானாலும் வெளிப்படலாம் என்ற கற்பனைத் திறனை அளப்பதாகச் சொல்லப்படும் எண் அது. அதை அளப்பதற்குப் பொதுவாக ஏற்கப்பட்ட முறை ஏதும் கிடையாது. ஆகவே யார் எவ்வளவும் எழுதிக்கொள்ளலாம். தொடர்ந்து தரக்கூடிய திறனை ஓரளவு நேர்மையாகச் சொல்வது 'ஆர்.எம்.எஸ்.' எனப்படும் அளவு. அது பெரும்பாலும் பெட்டியின் அடியில், உருப்பெருக்கி இருந்தால் படிக்கக்கூடிய அளவில் இருக்கும்.

இதை மெய்ப்பிக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. நம் வீட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் தொடர்ந்து இழுத்தால் சுவிட்ச் சுடும். அப்படியிருக்க, அதே சாக்கெட்டில் மெல்லிய கம்பியோடு செருகப்படும் ஒரு பெட்டி ஐயாயிரம் வாட் ஒலியை எங்கிருந்து கொண்டு வருகிறது? பின்புறத் தகட்டில் மின் நுகர்வு எவ்வளவென்று பாருங்கள். பல பெட்டிகளில் அது நூறு வாட்டைக்கூடத் தொடாது. உள்ளே போவது ஆழாக்கு, வெளியே வருவது மரக்கால் என்று நெல் வியாபாரி சொன்னால் நம்புவோமா? ஒலி வியாபாரி சொன்னால் நம்புகிறோம்.

அடுத்தது, 'சப்வூஃபர்' என்ற பெயர். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதன் அடித்தட்டை, அதாவது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியை, ஒலிக்க வேண்டியதே சப்வூஃபரின் வேலை. ஆனால் கீழே இறங்க இறங்க அசைக்க வேண்டிய காற்றின் அளவு கூடிக்கொண்டே போகும். 80 ஹெர்ட்ஸில் எழுப்பும் அதே ஒலியழுத்தத்தை 40 ஹெர்ட்ஸில் எழுப்ப நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும். 20 ஹெர்ட்ஸில் பதினாறு மடங்கு. நான்கு அங்குலக் கூம்பு ஒன்றை மெல்லிய மரப்பெட்டியில் அடைத்தால் அது எங்கே போகும்? அதனால் இயன்றது 100 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரே சுருதியில் மீண்டும் மீண்டும் குத்துவதுதான். குண்டு வெடித்தாலும் குதிரை ஓடினாலும் கதவு சாத்தினாலும் அதனிடமிருந்து வருவது ஒரே 'தும்'. அந்தக் 'தும்'முக்கு ஆழம் என்று பெயரிட்டு விற்கிறார்கள்.

*

விளையாட்டில் ஒலி எதற்காக இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்டால் கடைக்காரரின் வாக்கியம் உடைந்துவிடும்.

1998-இல் வெளிவந்த 'தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஆடுபவர் ஒரு திருடன். கல்தரையில் நடந்தால் காலடி கேட்கும்; உலோகத் தட்டில் நடந்தால் மாளிகையே விழித்துக்கொள்ளும்; கம்பளத்தில் நடந்தால் தப்பலாம். காவலன் எத்திசையில், எவ்வளவு தொலைவில், எவ்வகைத் தரையில் வருகிறான் என்பதை இருட்டில் செவியால்தான் அறிய வேண்டும். அங்கே ஒலி அழகுப் பொருளாக வைக்கப்படவில்லை. கண்ணின் வேலையைச் செய்கிறது. நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் இரவு பகலாக ஆடப்பட்ட 'கவுண்டர்-ஸ்ட்ரைக்'கும் அப்படியே. சுவருக்கு அப்பால் கேட்கும் காலடிதான் ஆடுபவரின் ஆயுள்.

இனி, செவியின் ஓர் இயல்பைச் சொல்ல வேண்டும். உரத்த தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை எளிதில் மறைத்துவிடும். உயர்ந்த ஒலியால் தாழ்ந்த ஒலியை அவ்வளவு எளிதில் மறைக்க இயலாது. ஒலியியல் படித்தோர் நன்கறிந்த செய்தி இது. காலடியின் சரசரப்பு, துப்பாக்கியில் குண்டு மாற்றும் 'க்ளிக்', கதாபாத்திரம் முணுமுணுக்கும் சொல் ஆகியவை எல்லாம் மேல்தட்டில் வாழ்பவை. அடித்தட்டை முடுக்கிவிட்டால் முதலில் சாவது அவைதான். ஆக, அந்தப் பெட்டி 'பாடம் நடத்துவதற்கு' உதவாத அதே காரணத்தால் விளையாடுவதற்கும் உதவாது. வலியையும் வழியையும் பிரித்துக் காட்டாதது, வலப்பக்கப் பகைவனையும் இடப்பக்க நண்பனையும் மட்டும் பிரித்துக் காட்டிவிடுமா?

*

சப்வூஃபரே வேண்டாம் என்கிறோம் என்று எவரும் கருத வேண்டாம். இடிக்கு ஓர் இடம் உண்டு. 1974-இல் 'எர்த்குவேக்' படத்திற்காக அரங்குகளில் 'சென்சரவுண்ட்' என்ற அமைப்பைப் பொருத்தி நிலநடுக்கத்தை இருக்கையில் உணரச் செய்தார்கள். இன்று 5.1, 7.1 என்னும்போது புள்ளிக்குப் பின்னுள்ள அந்த ஒன்று, தாழ்ந்த ஒலிக்கென்றே ஒதுக்கிய தடம். அதன் பெருமை அது அரிதாக ஒலிப்பதில் இருக்கிறது. ஓயாமல் இடித்துக்கொண்டிருக்கும் வானத்தை யார் அண்ணாந்து பார்ப்பார்?

இதற்கு இலக்கணம் தேடி மேலை நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் அரங்கேற்றத்தில் துணைநின்ற ஆசிரியர்களின் தகுதிகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கிறார். அவர்களுள் தண்ணுமை முழக்குபவனுக்குச் சொல்லப்படும் தகுதியை எண்ணிப் பாருங்கள். பிற கருவிகளின் குறையை அவன் நிரப்ப வேண்டும். மிகையை அடக்க வேண்டும். அவ்வாறு செய்யும்போது தன் ஒலி அளவு மீறிவிடாமலும் காக்க வேண்டும். சப்வூஃபர் என்பது மேசைக்கடியில் அமர்ந்த தண்ணுமைக்காரன். அவனுக்கு அடிகள் வகுத்த இலக்கணம் இன்றைய பெட்டிக்கு அப்படியே பொருந்தும். குழலையும் யாழையும் பாடலையும் விழுங்கிவிட்டுத் தான் மட்டும் முழங்கும் முழவை அந்த அரங்கில் ஏற்றியிருப்பார்களா? நம் வீட்டு அரங்கில் ஏற்றுகிறோம்.

*

குறை சொல்வது எளிது. எப்படி நிறுவ வேண்டும் என்பதையும் சொல்வதே முறை. எல்லாம் செலவில்லாத வழிகள்.

முதலில் இரு சிறு ஒலிபெருக்கிகள். அவற்றுக்கும் உங்கள் தலைக்கும் இடையே மூன்று பக்கமும் சமமான ஒரு முக்கோணம் அமைய வேண்டும். இரண்டும் காதின் உயரத்தில் இருக்க வேண்டும்; இயலாவிட்டால் முகத்தை நோக்கிச் சற்றே சாய்த்து வைக்க வேண்டும். இரண்டு தடித்த புத்தகங்கள் போதும். நம் வீட்டில் அந்தப் பணியைப் பழைய பாடத்திட்டத் தொகுதிகள் செவ்வனே செய்து வருகின்றன. ஒன்று மேசைமேல், மற்றொன்று ஜன்னல் விளிம்பில் என்று வைத்துவிட்டு 'திசை தெரியவில்லை' என்று புலம்புவோர் விளையாட்டை நோவதில் பொருளில்லை.

அடுத்து, பெரிய பெட்டி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி எங்கிருந்து வருகிறதென்று செவியால் எளிதில் சொல்ல இயலாது. எனவே அதை எங்கும் வைக்கலாம் என்பார்கள். நல்ல கருவிக்கு அது சரி. நம் விலையிலுள்ளவற்றில் பக்கப் பெட்டிகள் மிகச் சிறியவை. அதனால் 150 ஹெர்ட்ஸ் வரைகூடப் பெரிய பெட்டியே சுமக்க நேர்கிறது. ஆணின் பேச்சுக்குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலேயே தொடங்குகிறது. அப்படியானால் குரலின் ஒரு பகுதி அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது! அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினால் கதாநாயகன் பாதி மேசையிலும் பாதி கட்டிலுக்கடியிலும் பேசுவான். மேசைக்குக் கீழே, இரு பக்கப் பெட்டிகளுக்கும் நடுவிலுள்ள பகுதியே அதற்கு உரிய இடம்.

அந்தப் பகுதிக்குள்ளும் மூலையைத் தவிர்ப்பது நல்லது. மூலை, தாழ்ந்த ஒலியைப் பெருக்கும். அறையின் கோளாறுகளையும் சேர்த்தே பெருக்கும். நம் வீடுகளின் வழக்கமான 12 அடிக்கு 10 அடி அறையில் நீளவாட்டில் ஏறத்தாழ 48 ஹெர்ட்ஸும், அகலவாட்டில் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸும் சுவருக்குச் சுவர் மோதி நின்று வீங்கும். காங்கிரீட் சுவரில் அது அடங்குவதும் எளிதன்று. எனவே ஒரு பழைய உத்தி: பெட்டியை உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள், தாழ்ந்த சுருதிகள் ஏறி இறங்கும் ஓர் இசைப் பகுதியை ஓடவிடுங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டி வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் தரையில் தவழ்ந்து கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதிகளும் ஓரளவு சமமாகக் கேட்கின்றனவோ, அங்கே பெட்டி, நாற்காலியில் நீங்கள். வீட்டார் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இனி, அந்தக் குமிழ். அதை முற்றிலும் இடப்புறம் திருகிவிடுங்கள். நன்கு பழகிய ஒரு விளையாட்டைத் தொடங்கி, பேச்சு நிகழும் கட்டத்தில் சிறுகச் சிறுக ஏற்றுங்கள். சப்வூஃபர் ஒலிப்பது தெரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சற்றே பின்வாங்குங்கள். அணைத்தால் ஏதோ குறைவது தெரிய வேண்டும்; ஒலிக்கும்போது அது இருப்பது தெரியக் கூடாது. தண்ணுமைக்காரனின் இலக்கணம் இதுவே.

கடைசியாக, கணினிக்குள். கணினியிலும் விளையாட்டிலும் உங்களிடம் உண்மையில் இருக்கும் பெட்டிகளின் கணக்கைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு 7.1 என்று பொய் சொன்னால் சில ஒலிகள் வராமலே போகக்கூடும். காதணிக் கருவிக்கென உள்ள தெரிவை ஒலிபெருக்கிக்கு வைத்தால் திசை குழம்பும். 'பேஸ் பூஸ்ட்' என்று எதைக் கண்டாலும் அணைத்துவிடுங்கள்.

*

நம்முடைய குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் அத்தகைய பெட்டி ஒன்றை வாங்கி, மாடிவீட்டில் இரவு பதினொரு மணிக்கு முழக்கியவர்தாம். மூன்றாம் நாள் காலை, கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்தார். சண்டைக்கு வரவில்லை. "தம்பி, ராத்திரியில உங்க வீட்டுல யாராவது உரல்ல மாவு இடிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

நாம் கேட்டது ஒரு காவியப் போர்க்களம். அவர் கேட்டது உரல். இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டருக்கு மேல். சுவரும் தளமும் மேல்தட்டு ஒலியைப் பெருமளவு தடுத்து நிறுத்தும். அடித்தட்டு ஒலிக்கு வழிவிட்டுவிடும். ஆகவே அண்டை வீட்டாருக்கு இசை போய்ச் சேர்வதில்லை; இடி மட்டும் போய்ச் சேர்கிறது.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டுகின்றன. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. ஆனால் அந்த விதியின் அளவுகோல், மெல்லிய ஒலிக்குச் செவி காட்டும் இயல்பைப் பின்பற்றித் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே எண்ணுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 30 டெசிபல் தள்ளுபடி! கருவியில் குற்றம் பதிவாகாமலே மூதாட்டியின் உறக்கம் போய்விடும். சட்டம் பிடிக்காத இடத்தில் நாகரிகம்தான் பிடிக்க வேண்டும்.

*

'வெடிப்பை உடம்பில் உணர்வதே அனுபவம்' என்பார் உளர். உணருங்கள், வெடிக்கும்போது மட்டும் உணருங்கள். 'காதணிக் கருவி மாட்டிக்கொண்டால் தீர்ந்தது' என்பாரும் உளர். நள்ளிரவில் அது நல்ல அறமே. ஆனால் சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரம் காதுகளை வேகவைத்துப் பார்த்தவர்க்குத் தெரியும், அது முழுத் தீர்வு ஆகாதென்று. அருகிலிருப்பவர் கூப்பிட்டாலும் அது கேட்க விடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை ஒன்றுண்டு. பெரியவர் ஒருவர் வாரத்திற்கு 80 டெசிபல் அளவில் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் அந்நேரம் பாதியாகும்: 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி. இதற்கும் குமிழுக்கும் தொடர்புண்டு. அடித்தட்டு சொற்களை மறைப்பதால் சொற்கள் விளங்கவில்லை. விளங்கவில்லை என்பதால் மொத்த ஒலியையும் கூட்டுகிறோம். கூட்டியதும் அடித்தட்டும் கூடுகிறது. இந்தச் செக்கில் சுற்றுவது நம் பிள்ளைகளின் செவி. உட்செவியின் நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கண்ணாடி மேசை அதிர்ந்து ஓய்ந்துவிடும், காது அப்படியன்று.

அன்று அந்த மாணவர் வாங்கியது கேட்பாரற்றுக் கிடந்த அந்த எளிய இணையைத்தான். கையிலிருந்ததில் பாதிக்கும் மேல் மிஞ்சியது. கடைக்காரர் நம்மைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. சப்வூஃபரைப் பின்னர், நல்லதாக, பணம் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ளலாம் என்றோம். ஆறாயிரமும் கையில் இருக்கும் இளைஞனுக்கு அந்த அறிவுரை இனித்திருக்காது என்பதையும் அறிவோம்.

பத்து நாள் கழித்துத் துறையின் வாயிலில் நின்றார். ஓராண்டாக அவர் ஆடிவரும் விளையாட்டில் மழை பெய்யும் கட்டம் ஒன்று உண்டாம்.

"ஐயா, தகரத்துல விழுற மழையும் மண்ணுல விழுற மழையும் வேற வேறயா கேக்குது. இத்தனை நாள் ரெண்டும் அதுல இருந்திருக்கு."

கடைக்காரருக்கு நாம் சொல்ல நினைத்த மறுமொழியை அவரே சொல்லிவிட்டார்.